ஹார்ப்பர் வீட்டை விற்ற கதை

கண்ணு,

வீடு கைமாறிவிட்டது. சாவி வீட்டை வாங்கிய பெண்ணிடம் போய்விட்டது. நான் எதிர்வீட்டு டோரதியின் பின்னறையில் இரண்டு பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ப்ளேன். நீ சொன்னதெல்லாம் நீ சொன்னபடியே நடந்துவிட்டது, அதனால் முதலில் நிம்மதியாக ஒரு மூச்சு விடு. ஆனால் போன வாரம் வக்கீல் ஆபீசில் கையெழுத்துப் போடாமல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தேனே, அது ஏன் என்று நீ போனில் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. "என்னம்மா நீ, எல்லாரும் வெயிட் பண்றாங்க, லாயர் எனக்கு கால் பண்ணிக் கத்தறான். என்ன ப்ராப்ளம்னு சுருக்கமா சொல்லு, அஞ்சு நிமிஷத்துல மீட்டிங்" என்றாய். அஞ்சு நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் நான் எழுந்தே வந்திருக்க மாட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். ஏழு வயதுவரை கோபியில் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ, எல்லாம் மறந்துபோச்சு என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். புரியாததை நித்யாவிடம் கேள். அவளும் படிக்கட்டும், மாமியார் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று ஒன்றுமில்லை. எனக்கு உடம்பு அசந்து கிடக்கிறது. எட்டு வருஷத்துச் சாமானைப் பிரித்து, பாதியைக் கொடுத்து, பாதியை எறிந்து, மிச்சத்தைப் பெட்டியில் அடைத்ததில் முதுகு நிமிர மாட்டேன் என்கிறது. உன்னோடு சண்டை போட இப்போது தெம்பில்லை. இதைச் சண்டை என்று எடுத்துக்கொள்ளாதே.

இந்த வீட்டை வாங்கியபோது உனக்கு எவ்வளவு கோபம் என்று எனக்கு நினைவிருக்கிறது. 2001 ஜூன். உன் சிநேகிதர்கள் எல்லாரும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். கோயில், பட்டேல் கடை, உன் டென்னிஸ் எல்லாம் அங்கே. அப்பாவுக்கு ஆபீஸ் பார்சிப்பனியில். எந்தப் பக்கமும் சேராமல், ஹைவேயை விட்டு இறங்கி சோளக்காட்டு வழியே போனால் வருகிற தார்ன்லோ கார்னரில், ஒரு சர்ச், ஒரு கல்லறை, இடிந்த மில் ஒன்று, ஒன்பது வீடுகள் மட்டுமே இருக்கிற இடத்தில், சாய்ந்த தரையுள்ள ஒரு பழைய மரவீட்டை வாங்கிவிட்டு வந்து நின்றார் உன் அப்பா. எல்லாரும் புது டவுன்ஹவுஸ் வாங்குகிற காலம். சமையலறைத் தரையில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது தானாக உருண்டு பின்கதவுக்குப் போகும். நான் அழுதேன். நீ காரை விட்டே இறங்கவில்லை.

அவருக்கு அப்படி ஒரு பைத்தியம், பழசென்றால் போதும். இங்கிலாந்தில் தார்ன்லோ என்ற குக்கிராமத்தில் இருந்து நாலு குடும்பங்கள் கப்பலேறி வந்து காடு வெட்டி உட்கார்ந்த இடம் இது. விட்டு வந்த ஊரின் பேரையே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கதையை வீடு பார்க்கப் போன அன்றைக்கே யாரோ சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். நீ அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் கேட்டது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, திஸ் இஸ்ன்ட் ஈவன் அவர் ஹிஸ்டரி. வெள்ளைக்காரனோட ஊர்க்கதைக்குள்ள நாம எதுக்கு போய் உக்காரணும்?" அதற்கு அவர் சொன்னது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. "நம்மூட்டுக் கதைய எவன் சாமி எழுதி வெச்சிருக்கான்? என்ற தாத்தனுக்கு அப்பன் பேரு எனக்குத் தெரியாது. படிக்கறதுக்கு இவனுகளதாவது இருக்குதே, இருக்கட்டும் உடு."

நீ படித்துப் பெரியவனாகி விட்டாய், சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒருத்தர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது, அதில் என்ன குறை என்று அன்றைக்கே சொல்லாதே. குறை எங்கும் ஓடிவிடாது, அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். நானும் நீயும் சேர்ந்து அன்றைக்கு அந்த மனுஷனைச் சாப்பிட விடவில்லை. நித்யா ஒரு சோபா வாங்கி வந்தால்கூட முதல் நாள் அதில் சும்மா உட்கார்ந்து பார்.

கிரகப்பிரவேசத்துக்கு அவர் செய்த வேலை உனக்குத் தெரியும், ஆனால் நித்யாவுக்குத் தெரியாது. வீடு கைக்கு வந்தவுடன் ஊருக்குப் போனவர், கறுப்பு கிரானைட் பலகையில் "பழனியம்மாள் இல்லம்" என்று தன் அம்மா பேரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நம் பக்கத்தில் வீடு என்றால் பேர் இல்லாமல் யாராவது குடி போவார்களா? பேர்ப்பலகை பதித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அப்புறம்தானே பால் காய்ச்சுவது. பெட்டி எடை கூடிவிட்டது என்று கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலேயே என் சேலைகளை எடுத்து என் தம்பி கையில் கொடுத்துவிட்டு, கல்லைக் கொண்டுவந்திருக்கிறார். "ஏனுங்க, ஒரு கல்லுக்காக என்ற பட்டுச்சேலையெல்லாம் உட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டால், "சேல அடுத்த வருசம் வரும், ஊட்டுக்குப் பேரு இன்னைக்கு வேணும்" என்கிறார். நாலு துளை போட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் அறைந்தும் விட்டார்.

அடுத்த ஞாயிறு டோரதி வந்தாள். கையில் ஆப்பிள் பை பலகாரம், முகத்தில் சிரிப்பு இல்லை. ஹைஸ்கூலில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிடயர் ஆனவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், இந்த ஊரின் பழைய விஷயங்களையெல்லாம் கட்டிக் காப்பவள். பலகாரத்தைக் கையில் கொடுத்தாள், வரவேற்பு சொன்னாள், அதே மூச்சில் பலகையைக் கழற்றச் சொன்னாள். இது பழமை மாறாமல் காக்கப்படுகிற இடம், வாசலில் இஷ்டத்துக்கு எதுவும் அறையக் கூடாது என்று வீடு வாங்கும்போதே காகிதத்தில் எழுதியிருந்ததாம். அதை நாங்கள் யார் படித்தோம்? அப்பாவுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "திஸ் இஸ் மை ஹவுஸ்" என்றார். "நோ டியர், திஸ் இஸ் த ஹார்ப்பர் ப்ளேஸ்" என்றாள் அவள், பாடம் நடத்துகிற மாதிரி.

அப்போதுதான் இந்த ஊர் வழக்கம் தெரிந்தது. இங்கே ஒரு வீட்டுக்கு, அதில் இருப்பவர் பேர் கிடையாது. அதற்கு முன்னால் இருந்தவர் பேர்தான். ஹார்ப்பர் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளாரிடா போனதால் அது ஹார்ப்பர் வீடு. "அப்படின்னா ஹார்ப்பர் இங்க இருந்தப்ப இது ஹார்ப்பர் வீடுதானே?" என்று நான் கேட்டேன். இல்லையாம். அவர் முப்பது வருஷம் இருந்தும் அதுவரை அது பெல் வீடு. ஹார்ப்பருக்கு மளிகை கொண்டுவருகிறவன்கூட பெல் வீட்டுக்கு என்றுதான் கேட்டுக்கொண்டு வருவானாம். குடி வருகிறவர் பேர் வைக்க முடியாது, போன பிறகு பக்கத்தில் இருப்பவர்கள்தான் வைப்பார்கள். அப்பா போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். அப்புறம் என்னிடம் தமிழில் சொன்னார்: "நாம காலி பண்ணுனாத்தான் நம்ம பேரு வருமாமா. நல்ல ஊரு." கழற்றிவிட்டார். நாலு துளையையும் மரத்துக்குப் பூசுகிற புட்டி வைத்து அடைத்தார். அந்தப் பலகையை நான் சமையலறைக்குக் கொண்டுபோய், மாமியார் பேர் அடியில் இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் எட்டு வருஷம் சப்பாத்தி தேய்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அவ்வளவு வழவழப்பான கல் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் வேலை போய்விட்டது. அடுத்து இரட்டைக் கோபுரம் விழுந்த அந்த செப்டம்பர். உனக்குத் தெரிந்த கதைதான், நீ ஸ்கூலில் பட்டதை என்னிடம் சொல்லாமல் மறைத்ததும் எனக்குத் தெரியும். தார்ன்லோவில் யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கார் போகும்போது கை தூக்குகிறவர்கள் தூக்காமல் போனார்கள். இந்த ஊரில் அக்டோபர் மாசம் ஒரு ஞாயிறு எல்லாரும் சேர்ந்து வீடு வீடாக நடப்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுக்காரர் நின்று, தனக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் கதையைச் சொல்ல வேண்டும். தன் கதையைச் சொல்லக் கூடாது, அது மரியாதை இல்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம், பாவம் புதுசு, எதற்குத் தொந்தரவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பலகையைக் கழற்ற வைத்த அதே டோரதிதான், "ஒரு வீட்டைத் தாண்டினால் நான் நடக்கவே வர மாட்டேன்" என்று சொன்னாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, வேறு ஒருவர் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்.

அன்றைக்கு உன் அப்பா வாசலில் நின்று பேசியதை நீ கேட்கவில்லை, மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வேலை இல்லாத நாளில் அவர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார் அல்லவா, அதில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். வீட்டின் முன்பக்கம் பெயின்ட் அடுக்கு அடுக்காக இருக்கிறது, பின்பக்கம் ஒரு காலத்திலும் நல்ல பெயின்ட் கண்டதில்லை. ஹார்ப்பர் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற சுவருக்கு மட்டும்தான் காசு செலவழித்திருக்கிறார். அதை உன் அப்பா தன் கோபி இங்கிலீஷில், கையை ஆட்டி, ஹார்ப்பர் பிரஷ்ஷோடு மூலைவரை வந்து சரியாக அங்கே நிறுத்துகிறதை நடித்துக் காட்டினார். கூட்டம் சிரித்தது பார், எனக்கே பயமாகிவிட்டது. கை தூக்காமல் போன ஆள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது ஹார்ப்பரேதான்" என்றார். மறுநாளில் இருந்து எல்லாருக்கும் அவர் வேலு. வேலுச்சாமி என்று முழுசாக வராது, வேலு என்று அழகாக வந்தது.

அதற்குப் பிறகு அவர் டோரதியோடு சேர்ந்து ஊர்க்கதை பேசுவதே தொழில் என்று ஆகிவிட்டார். மறுபடி வேலை கிடைத்த பிறகும் சனி ஞாயிறு அதுதான். மில்லுக்குப் போக ஏன் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை இருக்கிறது தெரியுமா? இங்கிலாந்தில் இருந்து வந்தவர்களில் மாமன் மச்சான் இரண்டு பேர் சர்ச்சில் யார் எந்த பெஞ்சில் உட்காருவது என்று சண்டை போட்டு, ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் முழிக்கக் கூடாது என்று ஆளுக்கொரு பாதை வெட்டிக்கொண்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து குதிக்காத குறை. "பாத்தியா, பாத்தியா! வாய்க்கா வரப்புச் சண்ட மாதிரியே! நம்மாளுகளுக்கும் இவனுகளுக்கும் ஒண்ணும் பெரிய வித்தியாசமில்ல." ரயில் இந்தப் பக்கம் வருகிறேன் என்றபோது மாடு மிரளும் என்று வேண்டாம் என்றார்களாம், அது அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அடுத்த ஊர் டவுன் ஆனது, இது ஒன்பது வீட்டோடு நின்றது. அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேற்கே போனார்கள். ஒஹாயோ போனார்கள், அதையும் தாண்டி இப்போது நீ இருக்கிற பக்கம் வந்தார்கள். நம் வீட்டில் முன்னால் இருந்த ஹானா பெல் என்கிற விதவையைக்கூட மகன்தான் கலிஃபோர்னியாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான் என்று டோரதி ஒருநாள் சொன்னாள். அங்கே போய் அவள் என்ன ஆனாள் என்று நான் கேட்டேன். "யாருக்குத் தெரியும்? போனதுவரைதான் எங்கள் கதை" என்றாள். அப்போது நான் சும்மா கேட்டுக்கொண்டேன். எனக்கு என்ன வந்தது, என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

பின்பக்கச் சுவருக்கு அவர் பெயின்ட் அடித்த கோடையில் நீ காலேஜில் இருந்தாய். ஆள் வைத்துச் செய்யுங்கள் என்றேன், கேட்கவில்லை. யாரும் பார்க்காத சுவருக்கு எதற்குங்க இத்தனை பாடு என்றால், "நான் பாக்கறனல்ல" என்றார். ஏணியில் நின்று மாசக்கணக்கில் சுரண்டித் தேய்த்து அடித்தார். அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று நீ ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. குற்றம் சொல்லவில்லை. வந்த இடத்தில் உனக்கு நேரம் இருக்காது, நித்யாவோடு வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவாய். நானே பின்பக்கம் போனது துணி காயப்போடத்தான்.

அவர் போனபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில், உள்ளே கொண்டுபோனவுடன், கவுன்ட்டரில் இருந்த பெண் பேர் கேட்டாள். எனக்குச் சொல்ல வரவில்லை. பயத்தில் இல்லை. கல்யாணம் ஆனதில் இருந்து நான் அவர் பேரை வாயால் சொன்னதே இல்லை. யாரும் சொல்லக் கூடாது என்று அதட்டவில்லை, வாய் அப்படியே பழகிவிட்டது. மருந்துக்கடையில் கார்டை நீட்டுவேன், பாங்கில் காகிதத்தைக் காட்டுவேன், டோரதியிடம் "மை ஹஸ்பெண்ட்" என்பேன். பார்மா கம்பெனி லேபில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள், இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். அன்றைக்கும் அவருடைய லைசென்ஸைத் தேடி எடுத்து நீட்டினேன். அவள் படித்துத் தெரிந்துகொண்டாள். நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த வீட்டில் தனியாக இருந்தேன். நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டாய். இந்த வருஷம் நித்யாவுக்கு நாள் தள்ளிப்போனதும் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கூப்பிட்டாய். குபெர்டினோவில் டேகேர் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று கேள்விப்பட்டேன், அதனால் உன் பாசத்தைச் சந்தேகிக்கவில்லை, ரெண்டும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். விலை விழுந்து கிடந்த நேரம், வீடு போகாமல் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கடைசியில் இந்த இளம் ஜோடி வந்தது. அவன் ஸ்கூல் வாத்தியார், அவள் நர்ஸ். நல்ல பிள்ளைகள். எலுமிச்சம்பழம் உருளுகிறதைக் காட்டினேன், கைகொட்டிச் சிரித்தார்கள்.

வக்கீல் ஆபீசில் நடந்தது இவ்வளவுதான். பேனாவை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமான பிரியத்தோடு சொன்னாள்: "வீ ஜஸ்ட் லவ் த ஹார்ப்பர் ப்ளேஸ்." அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, ஊரில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் எனக்குப் பின்பக்கச் சுவர் கண்முன்னால் வந்து நின்றது. ஏணி, அவர் பழைய வேட்டியைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டது, ராத்திரி என்னிடம் தோளுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னது எல்லாம். அத்தனையும் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவன் பேரில் போகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு நான் உன்னிடம் வந்துவிட்டால், இந்த மனுஷன் இங்கே இருந்ததற்கு என்ன அடையாளம்? சாம்பலை பவானி கூடுதுறையில் கரைத்தாகிவிட்டது. இங்கே கல்லறையில் ஒரு கல் கிடையாது. ஆபீஸில் அவர் நாற்காலியில் அப்போதே வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். உன் பிள்ளைக்கு ஒருநாள் அவரைப் பற்றி என்ன காட்டுவாய்? அதுதான் கண்ணு ப்ராப்ளம். அதை அஞ்சு நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? "டுமாரோ" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

டோரதிதான் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அழுதேன், அவள் ரேடியோவைக்கூட அணைக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டாள், ஹார்ப்பர் பேரைக் கேட்டதால் கோபமா என்று. ஆமாம் என்றேன். "நீ இன்னும் உள்ளேயே இருக்கிறாயே, வேறு என்ன பேரைச் சொல்வார்கள்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எட்டு வருஷமாகத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. நான் அங்கே உட்கார்ந்திருக்கிறவரைக்கும் அவர் பேர் வர வழியே இல்லை. வாசலை மறித்துக்கொண்டு நிற்பது ஹார்ப்பர் இல்லை, நான். அப்பவும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஒன்பது வீட்டுக்கும் இங்கிலீஷ்காரன் பேராக இருக்கிற ஊரில், ஒரு கோபிக்காரன் பேரை யார் சொல்லப்போகிறார்கள், பழக்கத்தில் ஹார்ப்பர் என்றே விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவளிடம் அதைக் கேட்கவும் செய்தேன். "மக்கள் வாயை நான் என்ன செய்ய முடியும்? பார்க்கலாம்" என்றாள். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. இரண்டு நாள் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்பக்கம் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் போய்க் கையெழுத்துப் போட்டேன். அதைத்தான் உனக்கு "டன்" என்று ஒரு வார்த்தையில் மெசேஜ் அனுப்பினேன், நீ ஒரு சிரிப்புப் பொம்மை திருப்பி அனுப்பினாய்.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நானும் டோரதியும் அவள் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். குளிருக்கு முன்னால் ஹீட்டிங் ஆயில் நிரப்புகிற லாரி வந்தது. டிரைவர் புதுசு போல. ஜன்னலை இறக்கி, கையில் இருந்த சீட்டைப் பார்த்து, "ஹார்ப்பர் ப்ளேஸ் எது?" என்று கேட்டான். டோரதி காப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் ஏன் பார்க்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வீட்டுக்காரர் பேர் வைக்க முடியாது, பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் வைக்க வேண்டும். இந்த நாலு நாளாக நான் அந்த வீட்டுக்காரி இல்லை, எதிர்வீட்டில் இருக்கிறவள்.

"தேர் இஸ் நோ ஹார்ப்பர் ப்ளேஸ்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "யூ மீன் த வேலுச்சாமி ப்ளேஸ். அதோ, சர்ச்சுக்கு அடுத்தது." கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் முழுப் பேர், அதுவும் ரோட்டில், ஒரு லாரிக்காரனிடம். அவன் காதில் என்ன விழுந்ததோ, டோரதி எழுந்து வேலியோரம் போய், "வேலு. வி, இ, எல், யு" என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவன் சீட்டில் இருந்ததை அடித்துவிட்டு எழுதிக்கொண்டான். "பின்பக்கமாகப் போ, குழாய் அங்கே இருக்கிறது. சுவரில் லாரியை உரசிவிடாதே, வேலு அடித்த பெயின்ட்" என்றும் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வருகிற அக்டோபர் நடையில் அந்தப் பெண் எங்கள் கதையைச் சொல்ல வேண்டுமாம், என்ன சொல்வது என்று இப்போதே டோரதியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். நான் அதற்கு இருக்க மாட்டேன். இருக்கவும் கூடாது.

வருகிறேன் கண்ணு. ஏர்போர்ட்டுக்கு நீயே வா, டாக்ஸி அனுப்பாதே. இரண்டு பெட்டியில் ஒன்று கனமாக இருக்கும். கிரானைட் பலகையை வைத்திருக்கிறேன், எடை கூடியதால் என் சேலைகளை எடுத்து டோரதிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அதைத் திரைச்சீலையாகத் தைக்கப்போகிறாளாம். கல்லை உன் வாசலில் அறைய வேண்டாம், சப்பாத்தி தேய்க்க ஆகும்.

இன்னொன்று. எனக்கென்று நீங்கள் ஒதுக்கியிருக்கிற அறையை நித்யா போனில் "கெஸ்ட் ரூம்" என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது, அதை உன்னிடம் முணுமுணுத்தேன். நீ அவளை ஏதாவது சொல்லியிருந்தால் இனிமேல் சொல்லாதே. நான் அதில் இருக்கிறவரைக்கும் அது கெஸ்ட் ரூமாகவே இருக்கட்டும். அம்மா ரூம் என்று நீங்கள் சொல்வதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அம்மா